அடுத்த அத்தியாயத்தின் முதல் பக்கம்

அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஏன் சிரமப்படுகிறீர்கள்? இப்படி நடுவில் வையுங்கள். மூவர் அமரக்கூடிய இருக்கை. நாம் இருவர்தான் இருக்கிறோம். உங்கள் எண் எனக்கு அடுத்ததா? அப்படியானால் சற்று நேரம் ஆகும். என்னை ஏற்கெனவே அழைத்துவிட்டார்கள். நான்தான் "யோசித்துச் சொல்கிறேன்" என்று திரும்பி வந்து அமர்ந்திருக்கிறேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நீலச் சட்டை அணிந்திருக்கிறாளே, பர்வீன், நல்ல பெண். இந்தக் கடையில் முழுதாக ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்கிறவள் அவள் ஒருத்திதான்.

உங்களுக்குக் கைப்பேசித் திரை உடைந்துவிட்டதா? குளியலறையில் விழுந்ததா? கைப்பேசியைக் குளியலறைக்கு எதற்காக... சரி, அது என் வேலையன்று.

நான் வந்தது இதற்காக. பாருங்கள். கையில் வாங்கியே பாருங்கள். வேண்டாம், வேண்டாம், விரல் பட்டால் பக்கம் நகர்ந்துவிடும். நான் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் பாருங்கள். மின்னூல் படிக்கும் கருவி. தொடுதிரை. கைப்பேசி போலக் கண்ணைக் கூசச் செய்வதில்லை. அச்சடித்த தாள் போலவே இருக்கிறது. அதில் குறை சொல்வதற்கில்லை. குறை வேறு. நான் நிறுத்திய பக்கத்தில் இது நிற்பதில்லை. அதனால்தான் இதைக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்க வந்தேன். பழையதைக் கொடுத்தால் புதியதன் விலையில் கழித்துக்கொள்வார்களாம்.

என் பெயர் மங்கையர்க்கரசி. உறையூரிலிருந்து வருகிறேன். மகளிர் கல்லூரியில் இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்றவள். ஆமாம், பேசுவதும் இப்படித்தான். வரும்போது ஆட்டோ ஓட்டுநர்கூடக் கேட்டார், "அம்மா, நியூஸ் வாசிக்கிறீங்களா?" என்று. சிரிக்கட்டும். வாக்கியத்தைத் தொடங்கினால் முடிக்க வேண்டும் என்பது என் கொள்கை. எங்கள் வீட்டில் அந்தக் கொள்கை எனக்கு மட்டுமே இருந்தது. என் கணவர் வரதராசன் எதையும் பாதியில் விடுவார். காப்பியைப் பாதி குடிப்பார். அலமாரியைப் பாதி திறந்து வைப்பார். மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று வீடு முழுவதும் தேடுவார். நான் எடுத்துக் கொடுப்பேன். அதுவே ஒரு வேலையாக இருந்தது. சென்ற ஐப்பசியில் காலமானார். இப்போது அந்தத் தொல்லை இல்லை. வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கிறது. காலையில் இங்கே வைத்த தம்ளர் மாலையிலும் அங்கேயே இருக்கும். நாற்காலி நகராது. செய்தித்தாள் கலையாது. வீடென்றால் அப்படி இருக்க வேண்டும் என்று எத்தனை ஆண்டு விரும்பியிருக்கிறேன்! இப்போது இருக்கிறது.

நகர்வது இது ஒன்றுதான்.

சொல்கிறேன். எனக்கு ஒரே மகள். நப்பின்னை. அழகான பெயர் இல்லையா? புனேயில் ஓர் அலுவலகத்தில் பணிபுரிகிறாள். அங்கே அவளை "நப்பி" என்று அழைக்கிறார்களாம். இதற்கா நான் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தேன்? தந்தைக்குப் பிறகு நான் தனியாக இருக்கிறேன் என்று தை மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். வரும்போது இதை வாங்கிக்கொண்டு வந்தாள். என் கணவர் பாதி படித்து விட்டுவிட்ட நாவல் ஒன்று வீட்டில் இருந்தது. ஒரு தேயிலைத் தோட்டக் குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை. தலையணை அளவு இருக்கும். அதை முடித்துவிடலாம் என்று நான் எடுத்தால் மணிக்கட்டு வலித்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான், "இதுல படிம்மா, கை வலிக்காது" என்றாள். கணக்கெல்லாம் அவள் பெயரிலேயே போட்டு, அந்த நாவலை ஏற்றிக் கொடுத்தாள்.

கூடவே இன்னொன்றையும் ஏற்றியிருந்தாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

இருந்த நாள்களில் வீட்டு வேலைகளை அவளே செய்தாள். நான் வேண்டாம் என்றா சொன்னேன்? பாத்திரம் கழுவினாள். தம்ளர்களைக் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைப்பாள், தண்ணீர் தங்கும், நான் எடுத்து மறுபடி கழுவிக் கவிழ்ப்பேன். துணி மடித்தாள். புடவையை நான்காக மடித்து வைத்தால் அலமாரியில் எப்படி நிற்கும்? நான் பிரித்து எட்டாக மடித்தேன். பீன்ஸ் நறுக்கினாள், ஒன்று விரல் நீளம், ஒன்று கடுகு அளவு. நான் உட்கார்ந்து பெரியவற்றை மட்டும் மறுபடி நறுக்கினேன். அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கவனியுங்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் அந்தப் பக்கம் போன பிறகுதான் செய்தேன்.

ஒரு நாள் அலமாரியின் முன் நின்றுகொண்டு கேட்டாள்: "அம்மா, நான் செஞ்சதுல ஒண்ணு, ஒரே ஒண்ணு, நீ மறுபடி செய்யாம விட்டிருக்கியா? யோசிச்சுச் சொல்லு."

கேட்டாளே என்று நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். பொய் சொல்லும் வழக்கம் எனக்கில்லை. "இல்லை" என்றேன்.

மறுநாளே புறப்பட்டுவிட்டாள். "பத்திரமா இரும்மா" என்றாள். ஆட்டோவில் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை. இந்தக் கருவி சாப்பாட்டு மேசையில் கோணலாகக் கிடந்தது. அதை நேராக வைத்தேன். அதன்பின் அவள் அழைக்கவில்லை. நானா? நான் ஏன் அழைக்க வேண்டும்? புறப்பட்டுச் சென்றவள் அவள்தானே. சென்றவர்தான் சேர்ந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும்; அதுதான் முறை. சித்திரையும் வந்துவிட்டது. இன்னும் சொல்லவில்லை.

உங்கள் அம்மா இந்நேரம் அழைத்திருப்பாரா? பாவம், கவலைப்படுவார். இந்தாருங்கள், என் கைப்பேசியில் பேசுங்கள். எண் நினைவில்லையா? பெற்ற தாயின் எண்ணா? எனக்கு என் மகளின் எண் தலைகீழாகத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

எங்கே விட்டேன்? கோளாறு.

தினமும் சாப்பிட்ட பிறகு சாய்வு நாற்காலியில் அமர்ந்து படிப்பேன். தூக்கம் வந்தால் அத்தியாயத்தின் நடுவிலேயே நிறுத்திவிடுவேன். மறுநாள் திறந்தால் அந்தப் பக்கத்தில் இருக்காது. அடுத்த அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் போய் நிற்கும். நான் பின்னோக்கித் தள்ளி, விட்ட இடத்தைத் தேடிப் பிடித்துப் படிக்க வேண்டும். ஒரு நாளா, இரண்டு நாளா?

முதலில் பல்லி என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள். தொடுதிரை என்பது தொட்டால் நகர்வதுதானே? மனித விரல் என்று அதற்கு எப்படித் தெரியும்? எங்கள் கூடத்தில் குழல்விளக்குக்குப் பின்னால் ஒரு பல்லி இருக்கிறது. மேசையில் இறங்கி நடப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே படித்து முடித்ததும் கருவியின்மேல் ஓர் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் தட்டை எடுத்துத் திறந்தால், அடுத்த அத்தியாயத்தின் முதல் பக்கம்! தட்டு அசையவில்லை. பக்கம் மட்டும் அசைந்திருக்கிறது.

பிறகு ஆரோக்கியத்தைக் கேட்டேன். வேலைக்கு வருகிற பெண். மேசையைத் துடைக்கும்போது இதையும் துடைத்திருப்பாளோ என்று. அவள் வாய் சும்மா இருக்குமா? "நா எதுக்கும்மா அதத் தொடப்போறேன்? தட்டுப் போட்டு மூடி வச்சிருக்கீங்க, மொதநாளு வடைன்னு நெனச்சித் தொறந்து பாத்தேன். பலகை! அன்னியோட விட்டுட்டேன்" என்றாள். அவள்மீது குற்றமில்லை.

அதன்பின் ஒழுங்காகக் கவனித்தேன். எதிலும் ஓர் ஒழுங்கு இருந்தால் எனக்குப் பிடிபட்டுவிடும். இது தாறுமாறாக ஓடவில்லை. நான் எங்கே நிறுத்தினேனோ அந்த அத்தியாயம் முடியும்வரைதான் போகிறது. அடுத்ததன் வாசலில் நின்றுவிடுகிறது. ஒரு பக்கம் தாண்டுவதில்லை. நான் போய்ச் சேர்ந்த பிறகுதான் மறுபடி நகர்கிறது. கோளாறுக்கு இப்படிப்பட்ட கட்டுப்பாடு உண்டா? எனக்கே வியப்பாக இருந்தது. என் மாணவிகளிடம்கூட நான் அதைக் கண்டதில்லை.

நடுவில் எனக்குக் காய்ச்சல் வந்தது. சில நாள் படிக்கவில்லை. கருவியைத் தொடவே இல்லை. அப்போது கீழ்த்தளத்துச் சகாயராணி கதவைத் தட்டினார். எங்களுக்குள் மோட்டார் போடுவதைப் பற்றித் தவிரப் பேச்சே கிடையாது. கையில் ரசத்தோடு வந்து நிற்கிறார். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேங்க்கா. ஒடம்புக்கு என்ன?" என்றார். சும்மா எதற்காக ஒருவர் ரசத்தோடு வருவார்? புளி வேறு அதிகம். உட்கார்ந்துகொண்டு கேட்டார், "புஸ்தகம்கிஸ்தகம் படிக்க முடியுதாக்கா?" என்று. காய்ச்சலில் கிடப்பவரிடம் கேட்கிற கேள்வியா அது? தலையைத் தூக்க முடியவில்லை என்றேன். மறுநாள் அவர் மகனை அனுப்பி மருத்துவரிடம் அழைத்துப்போகச் சொன்னார். ஊசி போட்டார்கள், சரியாயிற்று. திரும்பி வந்து கருவியைத் திறந்தேன். காய்ச்சல் வந்த அன்று ஓர் அத்தியாயத்தின் முதல் பக்கத்தைத் திறந்ததோடு விட்டிருந்தேன்; அந்தப் பக்கத்திலேயே இருந்தது. அத்தனை நாளும் ஒரு வரி நகரவில்லை. சரி, கோளாறு தானாகச் சரியாகிவிட்டது என்று எண்ணி நாலு பக்கம் படித்தேன். மறுநாள்? அடுத்த அத்தியாயத்தின் முதல் பக்கம்.

ஆகவே இன்று கிளம்பி வந்தேன்.

வந்ததும் பர்வீனிடம் சொன்னேன்: "தொடுதிரை இல்லாத கருவி வேண்டும்." அவள், "இப்ப எல்லாமே டச்தான் மேடம். டச் இல்லாம ஒண்ணு வேணும்னா மியூசியத்துலதான் இருக்கும்" என்றாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஒன்று உள்ளங்கைக்குள் அடங்குவது. அதில் எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரியில் இரண்டு சொல்தான் நிற்கிறது; கதை படிப்பதா, கண் பரிசோதனைக்குப் படிப்பதா? இன்னொன்று சிலேட்டு அளவு, எழுதுகோலோடு. என் வயதில் எனக்கு வீட்டுப்பாடம் யார் கொடுக்கப்போகிறார்கள்? மூன்றாவதில் வெளிச்சம் மஞ்சளாக மாறும் என்றாள், நல்ல வசதிதான், ஆனால் வழுக்கியது. படுத்துப் படித்தால் முகத்தில் விழும். அதையும் சோதித்துப் பார்க்க வேண்டும் அல்லவா? இந்த இருக்கையில் நன்றாகச் சாய்ந்து, கருவியை முகத்துக்கு மேலே பிடித்துப் பார்த்தேன். எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். கடைசியில் பக்கவாட்டில் பொத்தான் வைத்த ஒன்றை எடுத்தாள். பொத்தானை அழுத்தினால்தான் பக்கம் திரும்பும், தொடுதலை அணைத்துவிடலாம். பல்லி அல்ல, யானையே நடந்தாலும் நகராது. தமிழ் எழுத்து சிதையவில்லை. வரிகளுக்கு நடுவே போதிய இடைவெளி. "இதுதான்" என்றேன். தேர்ந்தெடுத்தாயிற்று. அத்துடன் முடிந்திருக்க வேண்டும்.

"பழச குடுங்க மேடம், என்ன ரிப்பேர்னு பாத்து எழுதணும்" என்று வாங்கினாள். உள்ளே எதையோ திறந்து பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, "மேடம், நப்பின்னைங்கறது யாரு?" என்றாள்.

"என் மகள்."

"இதுல ரிப்பேரே இல்ல மேடம். இதே கணக்கு அவங்க போன்லயும் இருக்கு. அவங்க அங்க படிச்சா இங்க பக்கம் நகரும். நீங்க இங்க படிச்சா அங்க நகரும். ரெண்டு பேரும் ஒரே புக்கச் சேந்து படிச்சிட்டு இருக்கீங்க. இன்னிக்குக் காலைலகூட தெறந்து பாத்திருக்காங்க பாருங்க, ஆபீஸ் போற வழியில போல."

"என்னைக் கேட்காமலா?" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "எங்க வீட்ல ஒரு ரிமோட்டுக்கே அடிச்சிக்கிறோம் மேடம். உங்க பொண்ணு என்ன பதவிசா ஒரு சாப்டர் முடிச்சிட்டு நீங்க வர்றவரைக்கும் நிக்கிறாங்க!"

நீங்களே சொல்லுங்கள், இது முறையா? அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் வாரப் பத்திரிகை வரும். அதில் தொடர்கதையை முதலில் நான் படிப்பேன், பிறகு அவர், பிறகுதான் அவள். அந்த வரிசை மாறக் கூடாது. அவள் என்ன செய்வாள் தெரியுமா? கதவிடுக்கில் பத்திரிகை விழுந்ததும் எடுத்து, நின்றுகொண்டே படித்துவிட்டு, கசங்காமல் மடித்து, விழுந்த இடத்திலேயே போட்டுவிடுவாள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு. எனக்கு முன்னால் படித்துவிட வேண்டும், ஆனால் எனக்குத் தெரியவும் கூடாது. இப்போதும் அதேதான். வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. ஒரு மாற்றமும் இல்லை.

பர்வீன் சொன்னாள்: "ஒண்ணும் கவலப்படாதீங்க மேடம். இத எக்ஸ்சேஞ்சுல போடறதுக்கு முன்னால எல்லாத்தையும் அழிச்சிடுவோம். புதுசுல உங்க பேர்லயே தனிக் கணக்கு. அப்புறம் நீங்க விட்ட எடத்துலயே நிக்கும். யாரும் நகர்த்த மாட்டாங்க."

யாரும் நகர்த்த மாட்டார்கள்.

நான் கேட்டு வந்தது அதைத்தான். அதைத்தான் அவள் தருகிறேன் என்றாள். "அழிச்சிடலாமா மேடம்?" என்று விரலை மேலே வைத்துக்கொண்டு கேட்டாள். நான் சட்டென்று அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். பிடுங்குவது என் பழக்கமன்று. அவள் பயந்துவிட்டாள். "சற்றுப் பொறு, யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லி இங்கே வந்து உட்கார்ந்தேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சகாயராணி ஏன் அப்படிக் கேட்டார்? புத்தகம் படிக்க முடிகிறதா என்று? அவருக்கு யார்...

விடுங்கள். ரசத்தில் புளி அதிகம்தான். ஆனால் சூடாக இருந்தது.

சிக்கல் என்னவென்றால், அந்த நாவல் முடியப்போகிறது. கடைசி அத்தியாயந்தான் மிச்சம். அதன் முதல் பக்கத்தில் வந்து நிற்கிறது, பாருங்கள். இதை நான் படித்துவிட்டால் அதன்பின் போய் நிற்பதற்கு ஒரு வாசல் இல்லை. ஒரு வாரமாக இந்தப் பக்கத்தைத் திறக்கிறேன், மூடுகிறேன். கதை எனக்குத் தெரியாமலில்லை. கிழவி தோட்டத்தை விற்கமாட்டாள். ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். படிக்கவில்லை.

இன்னொன்று இருக்கிறது என்றேன் அல்லவா? இதோ, இது. அட்டையைப் பாருங்கள். கையில் கத்தி, பின்னால் ஒரு கார், ரத்தச் சிவப்பில் தலைப்பு. துப்பறியும் நாவல். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நேரத்தில் இதை அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்துப் படித்தாள். அரிசி எடுக்கப்போனேன், கையில் வந்தது. பிடித்துவிட்டேன். "அம்மா, அம்மா, கொஞ்சம் பக்கந்தாம்மா இருக்கு. கொலகாரன் யாருன்னு மட்டும் பாத்துட்டுக் குடுத்துடறேன்" என்று கெஞ்சினாள். நான் கொடுக்கவில்லை. அன்றைக்கே பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினாளா இல்லையா? வாங்கினாள். இத்தனை ஆண்டு கழித்து அதே நாவலைத் தேடிப்பிடித்து எனக்கு ஏற்றி வைத்திருக்கிறாள். குத்திக்காட்டத்தான், வேறென்ன? நான் திறக்கவே இல்லை. இதுவரை திறக்கவில்லை.

திறந்தால் அவளுக்குத் தெரியுமா? பர்வீன் சொன்னது உண்மையானால் தெரியும். நான் எந்தப் பக்கத்தில் இருக்கிறேன் என்று அங்கே காட்டும்.

கேட்கிறதா, உள்ளே கூப்பிடுகிறாள். "மேடம், முடிவு பண்ணிட்டீங்களா? அழிச்சிடலாமா?" என்கிறாள். இல்லையம்மா, இவர்களை முதலில் கவனி. உடைந்த திரை. இவர்களுடைய அம்மா காத்திருப்பார். நீங்கள் போங்கள். பரவாயில்லை, போங்கள், எனக்கு அவசரமில்லை. பையை மறக்காதீர்கள். சரியானதும் முதலில் அம்மாவை அழையுங்கள். எண்ணை ஒரு தாளில் எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்துவிட்டீர்களா? சிறிது நேரம் ஆகும் என்றார்களா? உட்காருங்கள். ஆமாம், அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். முதல் பக்கத்திலேயே பிணம். யார் செத்தது, எந்த ஊர், என்ன தொழில், ஒன்றும் சொல்லவில்லை, எடுத்தவுடன் கத்திக்குத்து. இப்படியா ஒரு கதையைத் தொடங்குவது? காவல் ஆய்வாளர் காப்பி குடித்துக்கொண்டே பிணத்தைப் பார்க்கிறார். பாதி குடித்துவிட்டு வைத்துவிடுகிறார். மீதியை யார் குடிப்பார்கள்?

இல்லை, ரசித்துப் படிக்கவில்லை. சோதிக்கிறேன். கோளாறு அந்த ஒரு நூலில்தானா, எல்லா நூலிலுமா என்று தெரியாமல் ஒரு கருவியை எப்படிக் கொடுத்துவிட முடியும்? பொறுப்பென்று ஒன்று இருக்கிறதல்லவா? முதல் அத்தியாயத்தின் நடுவில் நிறுத்திவிட்டேன். சரியாக நடுவில். இங்கேயே நிற்கிறதா, அடுத்த அத்தியாயத்துக்குப் போகிறதா என்று நாளைக்குப் பார்க்க வேண்டும்.

அந்தப் பொத்தான் வைத்த கருவி நல்லதுதான். பர்வீனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், எடுத்து உள்ளே வைத்துவிடு என்று. நான் வீட்டுக்குக் கிளம்புகிறேன்.

போனதும் இதை மேசையில் வைப்பேன். தட்டுப் போட்டு மூடப்போவதில்லை.